கம்பியைத் தொட்டும் நிற்காத இரைச்சல்

இது நடந்தது. கோச்சடையில், என் சொந்த வீட்டில், வெயில் கொளுத்தும் மதியத்தில் நடந்தது. நான் தூங்கவில்லை. மாத்திரை எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. என் கண்ணுக்கும் காதுக்கும் இன்றுவரை பழுதில்லை.

என் பெயர் ராஜாராமன். கல்லூரியில் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட விஷயங்களை எழுதும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் பெண் சுஷ்மாவின் பெயரை நடுவில் இழுக்கிறார்கள். அன்று அவள் வீட்டிலேயே இல்லை. இருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நானே சொல்கிறேன்.

சுஷ்மா பேஸ் கிடார் வாசிக்கிறாள். நாலே கம்பிகள், ஒவ்வொன்றும் நல்ல தடிமன். வாசித்தால் காதுக்குக் கேட்பதற்கு முன் வயிற்றில் அதிரும். எனக்கு அந்தச் சங்கீதத்தில் ருசி இல்லை. ஆனால் எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்பேன். அவள் சுத்தமாகத்தான் செய்கிறாள். சென்னையில் ஒரு ஸ்டுடியோ அவளிடம் ஒரு பாட்டுக்கு வாசித்து அனுப்பச் சொன்னது. வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பினாள். திருப்பிவிட்டார்கள். வாசிப்பு நன்றாக இருக்கிறது, பின்னால் இரைச்சல் இருக்கிறது என்றார்கள்.

இரைச்சல் எனக்கும் கேட்டதுதான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும், யாரும் வாசிக்காமலேயே, ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் வரும். டியூப்லைட்டை அணைத்துப் பார்த்தாள். இன்வர்ட்டரை விட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தாள். புது கேபிள் வாங்கி வந்தாள். போகவில்லை. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் கெட்டுவிட்டது என்றாள். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய சின்னப் பெட்டி அது. கம்பி அதிர்வதை மின்சாரமாக்கி அனுப்புவது அதுதான். அதை மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவன் அவளுடைய குழுவில் கிடார் வாசிக்கும் அழகுபாண்டி. திருவாதவூர்ப் பையன். விவசாயக் குடும்பம்.

அவனை வீட்டுக்குள் விட நான் சம்மதிக்கவில்லை.

காரணம் இருந்தது. சுஷ்மாவுக்கு வரன் முடிவாகியிருந்தது. சித்திரை முடிவதற்குள் நிச்சயதார்த்தம். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் வாசிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒன்று மட்டும் கேட்டார்: “குழுவில இருக்கற பையன்கள்ளாம் ஆத்துக்கு வந்து போவாளோ?” நான் சொன்னேன்: “என் வாசற்படியை எந்தப் பையனும் மிதிச்சதில்லை. மிதிக்கப்போறதும் இல்லை.” அது நான் கொடுத்த வாக்கு.

அன்று புதன்கிழமை. மறுநாள் காலைக்குள் பதிவை அனுப்பாவிட்டால் வேறொருவரைப் பார்த்துக்கொள்வதாக ஸ்டுடியோவிலிருந்து சொல்லிவிட்டார்கள். நிச்சயதார்த்தப் புடவை எடுக்க ஸ்யாமளாவும் சுஷ்மாவும் மதியம் கடைக்குப் போனார்கள். ஸ்யாமளா என் மனைவி. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணி இருக்கும்.

“சார்...”

வாசற்படிக்குக் கீழே அழகுபாண்டி நின்றான். கேட் திறந்த சத்தமோ, வண்டி வந்த சத்தமோ எனக்குக் கேட்கவில்லை.

“சுஷ்மா இல்லை” என்றேன்.

“தெரியும் சார். அவ இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன். அப்பத்தான் நீங்க உள்ள விடுவீங்க.”

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் சொன்னதில் தப்பும் இல்லை. பெண் இல்லாத வீட்டுக்கு, பெண்ணின் தகப்பன் உட்கார்ந்திருக்கும்போது வருகிறான். மரியாதை தெரிந்த பையன். கதவைத் திறந்தேன்.

“வண்டி எங்கே?”

“அதான் சார் தெரியல. காலைல வண்டிலதான் கிளம்புனேன். எங்கிட்டு விட்டேன்னு நெனப்பே வரல. சிம்மக்கல்லுலருந்து பஸ்ல வந்தேன். கண்டக்டர் டிக்கெட்டே கேக்கல சார். நேரா நின்னு மூஞ்சியப் பாக்குறேன், அந்தாளு என்னையத் தாண்டிப் போறாரு. இன்னைக்கு ஓசிப் பயணம்.”

சித்திரை வெயிலில் நடந்து வந்தவன் சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. சுஷ்மாவின் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். வாங்கி மேசைமேல் வைத்தான். குடிக்கவில்லை.

அங்கேயே நானும் கூடவே உட்கார்ந்தேன். பையிலிருந்து ஒரு பிக்கப்பை எடுத்தான். தானே சுற்றியதாம். “இரைச்சலுக்கு எதிரா இன்னொரு சுத்து உள்ள இருக்கு சார். ஒண்ண ஒண்ணு அமுக்கிரும்.” கிடாரின் வயிற்றைத் திறந்தான். பழைய பிக்கப்பை எடுத்தான். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. கம்பிகளை எர்த்தோடு சேர்க்கும் ஒயராம். “இதுதான் சார் பாதி வில்லங்கம்.”

ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைச் சூடு பண்ணினான். ஈயம் உருகும் வாசனை வந்தது.

அப்போதுதான் முதல் விஷயத்தைப் பார்த்தேன்.

அவன் அந்தச் சூட்டுக்கோலைக் கைப்பிடியில் பிடித்திருக்கவில்லை. பழுத்துக் காய்ந்துகொண்டிருந்த இரும்புப் பகுதியில் அவன் விரல் இருந்தது.

“தம்பி, கை!”

பார்த்தான். மெதுவாக விரலை எடுத்தான். கொப்புளம் இல்லை. சிவக்கக்கூட இல்லை.

“சுடல சார்...”

செல்போனை எடுத்தான். எதையோ பார்க்கத் திரையைத் தட்டினான். மறுபடி தட்டினான். சட்டையில் துடைத்துவிட்டுத் தட்டினான்.

“காலைலருந்து டச் வேலை செய்யல. போனுக்கும் வில்லங்கம்.”

வாங்கிப் பார்த்தேன். என் விரல் பட்டதும் திரை திறந்தது. நிறைய அழைப்புகள் வந்து, எடுக்கப்படாமல் கிடந்தன. திருப்பிக் கொடுத்தேன்.

கிடாரை மூடினான். தடித்த கம்பி இருக்கும் பக்கம் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கினான். அது கம்பிக்கு மிக அருகில் இருந்தால் ஒலி கொழகொழவென்று ஆகிவிடுமாம். ஆம்ப்ளிஃபயரைத் தரையிலிருந்து தூக்கி ஒரு மணைப்பலகை மேல் வைத்தான். தரை ஓடுகள் அதிர்ந்து ஒலியைக் கெடுக்குமாம். பிறகு சுவிட்சைப் போட்டான்.

ம்ம்ம்ம்...

முன்பு கேட்டதில் கால்வாசிதான். ஆனால் இருந்தது.

“இம்புட்டு இருக்கலாம் சார். கம்பில கை வச்சா இதுவும் நின்னுரும். மனுச உடம்பு பட்டா அடங்கிரும். அதுக்குத்தான் அந்த ஒயரு. பாருங்க.”

கம்பிகள் மேல் கையை வைத்தான்.

ம்ம்ம்ம்...

கையை எடுத்தான். மறுபடி வைத்தான். உள்ளங்கை முழுக்கப் படும்படி அழுத்தினான்.

ம்ம்ம்ம்...

“ஒயரு பிடிக்கல போல.” மறுபடி திறந்தான். மறுபடி ஈயம் வைத்தான். இழுத்துப் பார்த்தான். மூடினான். தொட்டான்.

நிற்கவில்லை.

இடது கையால் தொட்டான். விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கித் தொட்டான். நிற்கவில்லை.

“சார்... நீங்க தொடுங்க.”

நான் அந்தக் கருவியை அதுவரை தொட்டதே இல்லை. ஒரு விரலை வைத்தேன்.

சட்டென்று மௌனம்.

அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. விரலை எடுத்தேன். ம்ம்ம்ம். வைத்தேன். மௌனம்.

“இப்ப நான்” என்றான்.

ம்ம்ம்ம்...

அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சார், என் கையக் கொஞ்சம் பிடிங்களேன்.”

நான் யாரையும் தொட்டுப் பழகுகிறவன் அல்லன். இருந்தாலும் பிடித்தேன்.

குளிர்ச்சி இல்லை. சூடும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த காலை நாமே தொட்டால் எப்படி இருக்கும்? தொட்டது தெரியும், தொடப்பட்டது தெரியாது. அப்படி இருந்தது.

ஒரு கை என் பிடியில். மறுகையால் அவன் கம்பியைத் தொட்டான்.

நிற்கவில்லை.

“எனக்கு மட்டும் நிக்க மாட்டேங்குதே சார்...”

அவன் கையை விட்டேன்.



அவனே எழுந்தான். பையைக் கட்டினான். பழைய பிக்கப்பை மேசைமேல் வைத்தான்.

“கை மரத்துப்போச்சு போல. வீட்டுக்குப் போய் வெந்நியில வைக்கிறேன். சவுண்டு சரியா இருக்கு சார். அவ கை பட்டா நிக்கும். ராத்திரியே நல்லா வாசிச்சு அனுப்பச் சொல்லுங்க. நான் வந்தேன்னு வேணா சொல்லாதீங்க... உங்களுக்குச் சங்கடம்.”

போனான். வாசல்வரை நான் போகவில்லை. கேட் சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

ஆறு மணிக்கு மேல் ஸ்யாமளாவும் சுஷ்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். புடவைப் பை கையில் இல்லை. சுஷ்மாவின் முகம் வெளுத்திருந்தது.

“அப்பா, அழகுபாண்டி போயிட்டான்ப்பா.”

“எங்கே?” என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

“ரிங் ரோட்ல லாரி. காலைல பத்தரை மணிக்கு. நம்மாத்துக்குத்தான் கிளம்பியிருக்கான். மத்தியானத்துலேர்ந்து பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரில வச்சிருக்காளாம்.”

ஸ்யாமளா என் தோளைப் பிடித்தாள். “என்னன்னா, எங்கே போறேள்?”

நான் சுஷ்மாவின் அறைக்குப் போனேன். ஈயத்தின் வாசனை இன்னும் இருந்தது. மேசைமேல் தண்ணீர் டம்ளர். பக்கத்தில் பழைய பிக்கப். சுஷ்மா பின்னால் வந்து அதைப் பார்த்தாள். அணைக்காமல் இரைந்துகொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். கம்பியில் கை வைத்தாள்.

இரைச்சல் நின்றது.

“யாருப்பா வந்தா?”

சொன்னேன். அவள் அழவில்லை. கம்பியிலிருந்து கையை மட்டும் வெகுநேரம் எடுக்கவில்லை.

அன்று அவள் வாசிக்கவில்லை. மறுநாளும் வாசிக்கவில்லை. அந்தப் பாட்டு வேறொருவருக்குப் போயிற்று.

சனிக்கிழமை நான் தனியாகத் திருவாதவூர் போனேன். துக்கம் கேட்காமல் இருப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல. வீட்டு முன்னால் பந்தல் போட்டு, உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தாயார் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அத்தனை பேர் நடுவில் கேட்டாள்.

“ஐயா, எம்புள்ள உங்க வீட்டுக்குத்தான் கிளம்புனான். வந்தானா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் பெண்ணின் பெயர் அந்தப் பந்தலோடு நின்றிருக்கும். சம்பந்தி வீட்டுக்கு நான் கொடுத்த வாக்கும் நின்றிருக்கும். அந்த வரிசையில் எங்கள் தெருப் பால்காரரின் மைத்துனரும் இருந்தார்.

அவள் கண்ணைப் பார்த்து என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

“வந்தான், அம்மா.”

“எத்தன மணிக்கு?”

“மூன்றரைக்கு.”

பந்தலில் சலசலப்பு. ஒருவர், “பெரியவருக்கு வெயில் ஒத்துக்கல போல” என்றார். தாயார் அதிர்ச்சியடையவில்லை. தலையை ஆட்டினாள். “உள்ள வாங்க ஐயா” என்று அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

“இங்க வந்தப்ப அஞ்சரை இருக்கும். எனக்கு அப்பவே சேதி வந்துருச்சு. எல்லாரும் ஆசுபத்திரிக்கு ஓடிட்டாக, நான் மட்டும் கெடந்தேன். ‘ஆத்தா, கை மரத்துருக்கு, வெந்நி வையி’ன்னு வந்து உக்காருறான். கொதிக்கிற தண்ணியில கைய விட்டுட்டு, ‘இன்னும் சுடலயே’ங்கிறான்.”

நான் அடுப்பின் மேலிருந்த பானையைப் பார்த்தேன்.

“அன்னையிலருந்து தெனம் வாரான் ஐயா. சோத்தப் போட்டா, கைக்கு வெளங்கல, ஊட்டி விடுங்கிறான். ஊட்டுறேன். உருண்டை பூராம் தட்டுலதான் கெடக்கு.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “நான் அவன்கிட்ட இன்னும் சொல்லல. அவனுக்குத் தெரியாது.”

கதவிடுக்கு வழியாகப் பந்தலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“உங்க வீட்டுக்கு வரணும்னு சொல்லிக்கிட்டே இருக்கான். சவுண்டு சரியா இருக்கான்னு பாக்கணுமாம். வந்தா வெரட்டிராதீக. செத்துட்டேன்னு மட்டும் எம்புள்ளகிட்டச் சொல்லிப்புடாதீக.”

நான் பந்தலில் சொன்னது எனக்கு முன்பே கோச்சடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. சம்பந்தி போனில் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். நிச்சயதார்த்தத்தை ஆவணிக்குத் தள்ளி வைக்கலாம் என்றார். “உங்கள் இஷ்டம்” என்றேன். நான் யாரிடமும் கெஞ்சவில்லை.

அவனைப் பிடித்த என் வலது கைவிரல்களில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. டாக்டர் நரம்பு என்கிறார். அப்படியே இருக்கட்டும்.

நேற்று மதியம் சுஷ்மா தன் அறையில் இருந்தாள். பல நாளுக்குப் பிறகு கிடாரை எடுத்து மடியில் வைத்திருந்தாள். வாசிக்கவில்லை.

நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“சார்...”

அதே சட்டை. வியர்வை இல்லை. படிக்குக் கீழேயே நின்றான். பெண் வீட்டில் இருக்கும்போது அவன் வாசற்படியை மிதிக்க மாட்டான். அந்த மரியாதை அவனுக்கு இன்னும் போகவில்லை.

“சுஷ்மா வீட்ல இல்லையே சார்?”

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் கம்பியில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை” என்றேன். “உள்ளே வா.”