தானாக அடுக்கிக்கொள்ளும் ரேக்

போன ஞாயிற்றுக்கிழமை பெருமாள்சாமி அண்ணாச்சி என் வீட்டு வாசலில் நின்று கத்தினார். கையில் இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள்.

"என் பேரை வெட்டிரு தம்பி. நான் கோஷ்டிக்கே வரலை!"

இராஜபாளையத்தில் எங்கள் பஜனைக் கோஷ்டியில் முதன்முதலில் சேர்ந்தவர் அவர். மார்கழியில் தெருவுக்கு ஒரு நாள் உபயம். அன்று அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் முதலில் தீர்த்தம் - கோஷ்டியில் சேர்ந்த வரிசைப்படி. தாளில் வடக்குத் தெருவில் அண்ணாச்சி பெயர் கடைசி! அவருக்கு மேலே அவர் மச்சினர்... கோபம் வராதா?

தாளை அச்சடித்தவள் என் மகள் கோதை. நான் ஒன்பதாம் வகுப்போடு பேண்டேஜ் துணி செய்யும் யூனிட்டுக்கு வேலைக்குப் போனவன். அவள் படிப்பது சி ப்ளஸ் ப்ளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழி. மறுநாள் அவள் படிக்கும் சென்டரில் டெமோ. தேறினால் அங்கேயே டீச்சர் வேலை.

அவள் சொல்லி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அர்ரே என்பது பெயர்களை வரிசையாக வைக்கும் ரேக். அதற்குத் தானாக அடுக்கத் தெரியாது. இவள் பபுள், செலக்‌ஷன், இன்செர்ஷன் என்று மூன்று பழைய முறைகளை ரேக்குக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டாள். 'சார்ட்' என்று சொன்னால் போதும், அதுவே அடுக்கிக்கொள்ளும். எந்த முறை என்று சொல்லாவிட்டால், முதலில் வைத்திருக்கும் செலக்‌ஷன்தான். கோஷ்டிப் பட்டியலைத் தெருவாரியாக அடுக்கியதும் அதுதான்.

"தெருவெல்லாம் சரியாத்தானே வந்திருக்கு, பெரியப்பா?"

"தெரு இருக்கட்டும் ஏட்டி. நான் எங்க இருக்கேன், பாரு!"

கோதை பார்த்தாள். முகம் வாடிவிட்டது. கீழத் தெருவில் ஒரே ஆள், போன மாதம் சேர்ந்தவர், சேர்ந்த வரிசையில் எழுதிய பட்டியலில் கடைசி. எழுத்து வரிசையில் அந்தத் தெரு முதலில் வருவதால் செலக்‌ஷன் அவரைத் தூக்கி முதலிடத்தில் வைத்திருக்கிறது. அங்கே இருந்த அண்ணாச்சியை? காலியான கடைசி இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது!

"இன்செர்ஷனை முதல்ல வைக்கேன். நீங்க ரோல் அடுக்குற மாதிரிதாம்ப்பா அது."

யூனிட்டில் ரோல்களை அகலம் பார்த்து அடுக்குவோம். கையிலிருப்பதைவிட அகலமானதை மட்டும் நகர்த்திவிட்டு, இடையில் செருகுவோம். அதே அகலமா? முன்பே வந்ததற்குப் பின்னால்தான். இது அவ்வளவு பெரிய படிப்பா?

மறுநாள் டெமோவில் சார் கேட்டாராம். "மூணு இருக்கு. இதை ஏம்மா முதல்ல வச்சே?"

"சமமா இருக்கவங்கள்ல முன்னால வந்தவங்களை இது பின்னால தள்ளாது, சார். தள்ளினா எங்க பெரியப்பா கோவிச்சுக்கிடுவாங்க."

சார் சிரித்துவிட்டார். ஆண்டாள் கைவிடவில்லை - வேலை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போனோம். அண்ணாச்சியும் வந்தார், சட்டைப் பையில் புதுத் தாளோடு. சன்னிதியில் தீர்த்தம் வந்தபோது கோதையை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"நீ வாங்கு தாயி. பொறவு நான் வாங்கிக்கிடுதேன்."

முதலிடம் தன்னுடையதுதான் என்று தெரிந்த பிறகுதான் அதை விட்டுக்கொடுக்க மனசு வருகிறது போல!

மச்சினர் மட்டும் பழைய தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாராம்...