புளிமண்டிப் பூனைக்குப் புது இன்சுலின்

செல்வி, குமரா,

எனக்கு மாத்திரையை நிறுத்திட்டு இன்சுலின் எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு கேட்டதும் நீங்க ரெண்டு பேரும் போனில் அழுத அழுகை பக்கத்து வூட்டுக்கே கேட்டிருக்கும். அழாதீங்க. ஊசி எனக்குப் புதுசு இல்லை. இத்தனை வருஷம் நான் குத்தினேன், இப்போ என் முறை. செல்வி பாவக்காய் சாறு குடிக்கச் சொல்றா. குமரன் யாரோ அனுப்பிச்ச வீடியோவை எனக்கு அனுப்பறான். உங்க அம்மா ஒரு படி மேல போயி, சமையல் ரூமில் இருந்த சர்க்கரை டப்பாவையே தூக்கிப் பக்கத்து வூட்டில் கொடுத்துட்டா. அதைப் பார்த்ததும்தான் இதை எழுதிடணும்னு தோணுச்சு. இன்சுலின்னா எனக்கு ஞாபகம் வர்றது மனுஷன் இல்லை, ஒரு பூனை.

1. கறவை இல்லாத கிராக்கி

அப்போ நான் கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துக்கினு இருந்த வருஷங்கள். எந்த நாள் பஸ் ஓடும், எந்த நாள் ரோட்டில் மரம் குறுக்க படுத்துக் கிடக்கும்னு யாருக்கும் தெரியாது. ஊரில் ஒரே பேச்சுதான், யாருக்கு எவ்வளவு பங்கு. எங்க ஆஸ்பத்திரியில் மாட்டைப் பிடிச்சுக்கினு நிக்கிறவங்ககூட அதையேதான் பேசினாங்க. கேட்டது நியாயம். நானும் பேசினேன்.

அந்த வரிசையில் ஒரு நாள் காசிம் பாய் வந்து நின்னார். கல்வராயன் மலையில் இருந்து புளி, கடுக்காய், தேன் இறக்கி விக்கிற மண்டிக்காரர். அவர் கையில் ஒரு புளிக்கூடை, கூடைக்குள் கறுப்பா ஒரு கடுவன் பூனை.

பின்னால் காளையோட நின்ன வடக்கனந்தல் ஆளு ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், இது எத்தினி லிட்டர் கறக்குது?"

வரிசையே சிரிச்சுது. பாய் சிரிக்கலை. "கம்பவுண்டரே, இவன் பேரு சுல்தான். தண்ணியா குடிக்கிறான், ஒண்ணுக்கா போறான். தின்றதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா எளச்சுக்கினே போறான். மண்டியில எலி இவன் வால்மேல ஏறிப் போவுது."

டாக்டர் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டார். "இதோட யூரின் வேணும்யா. புடிச்சுக்கினு வா."

மாட்டுக்குன்னா வாளியோட பின்னால் நின்னா போதும். பூனை மண்ணைத் தோண்டிப் போயி மூடிடும். மண்ணில் போனதை எப்படிப் பிடிக்கிறது? பாய் வூட்டு அம்மாதான் வழி சொன்னாங்க. நாங்க அவங்களைப் பாயம்மான்னு கூப்பிடுவோம். தட்டில் மண்ணுக்குப் பதிலா கழுவிக் காயவெச்ச புளியங்கொட்டையைக் கொட்டினாங்க. கொட்டை எதையும் உறிஞ்சாது. சுல்தான் மண்ணுன்னு நெனச்சு அதைத் தோண்டிட்டுப் போனான். நான் தட்டைச் சாய்ச்சு எடுத்துக்கினேன்.

நீல மருந்தில் சொட்டு விட்டு டெஸ்ட் டியூபை ஸ்பிரிட் விளக்கில் காட்டணும். சர்க்கரை இல்லைன்னா நீலமாவே இருக்கும். இருந்தா பச்சை, மஞ்சள்னு மாறிக்கினே போவும். சுல்தானுடையது நேரா செங்கல் கலருக்குப் போயி நின்னுடுச்சு.

"சர்க்கரை வியாதி"ன்னார் டாக்டர். பாய் என் மூஞ்சியைப் பார்த்தார். "கம்பவுண்டரே, டாக்டரு வெளையாடறாரா?"

2. தேன் ரெடியா இருக்கணும்

முதலில் இங்கே மருந்துக் கடையில் கிடைச்ச இன்சுலினைப் போட்டோம். அது சீக்கிரம் வேலை செஞ்சு சீக்கிரம் அடங்கிடுச்சு. டாக்டர் மெட்ராசில் தனக்குப் பாடம் சொன்ன வாத்தியாருக்கு எழுதிக் கேட்டார். மெதுவா வேலை செய்யிற புது இன்சுலின் வந்திருக்கு, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு சோத்தோட போடுன்னு பதில் வந்துச்சு. பாயோட மச்சான் அதை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வெச்சு, பிளாஸ்கை மடியில் வெச்சு, பஸ் ஓடின ஒரு நாளில் கொண்டாந்து சேர்த்தார்.

"ஆஸ்பத்திரியில வேணாம்"ன்னார் டாக்டர். "காளையப் பாத்து பயந்தே அதுக்கு சர்க்கரை ஏறும். வீட்லயே ஆரம்பிக்கலாம்."

ஆரம்பிச்ச அன்னைக்கு டாக்டரும் நானும் பாய் வூட்டுக்குப் போனோம். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வெச்சு உருட்டணும். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிக் குத்தணும். பாய் ஒரு சாத்துக்குடியில் குத்திப் பழகினார். லோடு லோடா புளியைப் பேரம் பேசி இறக்குற மனுஷன், அந்த நூல் மாதிரி ஊசியைப் பிடிச்சதும் சாத்துக்குடியையே சுத்திச் சுத்தி வந்தார். கடைசியில் சாத்துக்குடி தப்பிச்சுது, பாய் விரல் தப்பிக்கலை.

டாக்டர் கேட்டார். "பூனை வெளிய எங்கயாவது சாப்பிடுமா பாய்?"

"சுல்தானா? அவன் நவாபு, சார். வேற வூட்டு சோத்த மோந்துகூட பாக்க மாட்டான்."

டாக்டர் எழுந்து செருப்பைப் போட்டுக்கினே சொன்னார். "சரி. தேன் ஒரு பாட்டில் ரெடியா இருக்கணும் பாய். மறந்துடாதீங்க."

"அய்யய்யோ, மறப்பனா சார்?"ன்னார் பாய்.

இந்த இடத்தை நல்லா கவனிங்க பிள்ளைங்களா. டாக்டர் சொன்னது, சர்க்கரை ரொம்ப இறங்கி பூனை மயங்கினா வாயில் தடவறதுக்கு. பாய் எத்தனையோ ஆபீசருங்களைப் பார்த்தவர். மலைத்தேன் விக்கிறவர்கிட்ட ஒரு ஆபீசர் கெளம்பும்போது தேன் ரெடியா இருக்கணும்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சாயங்காலமே டாக்டர் குவார்ட்டர்சுக்கு ஒரு பாட்டில் போயிடுச்சு.

டாக்டர் கை சுத்தமானவர். "இதெல்லாம் எதுக்குய்யா? திருப்பிக் குடுத்துடு"ன்னு என்கிட்ட கொடுத்து அனுப்பினார். பாய் அந்தப் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்மின்னு நெனச்சுட்டாரோ?" மறுநாள் அந்தப் பாட்டில் தேனையும் சேர்த்து ஊத்திப் பெரிய கேன் போச்சு. டாக்டர் தலையில் அடிச்சுக்கினு அதைப் பரண்மேல ஏத்தி வெச்சுட்டார். அந்த வருஷம் மலையில் தேன் கம்மி. மண்டியில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

தினம் காலையில் போயி நான் யூரின் பார்ப்பேன். செங்கல் கலர். டோஸை ஏத்தினோம். மறுபடியும் செங்கல் கலர். இன்னும் ஏத்தினோம். மஞ்சளுக்கு வந்துச்சு. பாய் சந்தோஷத்தில், வூட்டில் இருந்த சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு எல்லாத்தையும் தானம் பண்ணிட்டார். "சர்க்கரை வியாதிக்காரன் இருக்கற வூட்ல அந்த டப்பா எதுக்கு?"

3. பந்த் அன்னைக்கு

டாக்டர் ஜில்லா ஆபீசுக்கு மீட்டிங்குக்குப் போயிருந்தார். திரும்பி வர்ற வழியில் உளுந்தூர்பேட்டையில் மரத்தை வெட்டிப் போட்டுட்டாங்க, அங்கேயே மாட்டிக்கினார். கள்ளக்குறிச்சியில் ஒரு கடை இல்லை, ஒரு வண்டி இல்லை. நான் மட்டும் ஆஸ்பத்திரியில் உக்காந்திருந்தேன். பாய் லுங்கியோட ஓடி வந்தார். முக்கில் நின்ன போலீஸ்காரர் பின்னாடியே கத்திக்கினு வந்தார்.

"யோவ், நில்லு! எங்க ஓடற?"

"பூனைக்கு ஒடம்பு சரியில்லீங்க."

"ஊரே பத்திக்கினு எரியுது, ஒனக்குப் பூனையா?"

பாய் அவரைக் கண்டுக்கலை. "கம்பவுண்டரே, சுல்தான் வுழுந்துட்டான். காலு இழுக்குது. சர்க்கரை ஜாஸ்தியாயிடுச்சு. சீக்கிரம் வா, இன்னொரு ஊசி போடணும். எனக்குத் தைரியம் இல்ல, நீதான் போடணும்."

ஓடினோம். சுல்தான் புளிமூட்டைக்குப் பக்கத்தில் ஒருக்களிச்சுக் கிடந்தான். கண்ணு தொறந்திருக்கு, பார்வை இல்லை. பாய் பாட்டிலை உள்ளங்கையில் உருட்ட ஆரம்பிச்சுட்டார். அதை மட்டும் ஒழுங்கா கத்துக்கினார்.

"ஊசியத் தொடாதீங்க பாய்! சர்க்கரை ஏறல, எறங்கிடுச்சு. தேன் எடுங்க."

"தேனா? சர்க்கரை வியாதிக்காரனுக்குத் தேனா? கொல்லப் பாக்கறியா நீ?"

"டாக்டரு அன்னைக்கே ரெடியா வெய்யின்னு சொன்னாரே!"

பாய்க்கு அப்போதான் உறைச்சுது. பாட்டில் கையில் அப்படியே நின்னுடுச்சு. "அது... அவருக்குன்னு இல்ல நெனச்சேன்? எல்லாம் அவரு வூட்டுப் பரணுலதான் இருக்கு."

குவார்ட்டர்ஸ் பூட்டு. சாவி உளுந்தூர்பேட்டையில். மண்டியில் தேன் இல்லை. வூட்டில் சர்க்கரை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு நிக்கிற ஊர், சர்க்கரை ஆலை இருக்கிற சீமை, அவசரத்துக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை கிடையாது.

பாயம்மா எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாங்க. "நீங்க பேசிக்கினே இருங்க." முக்காட்டை இழுத்து விட்டுக்கினு தெருவில் இறங்கி எதிர்ச்சாரிக்குப் போயிட்டாங்க. அங்கேதான் கோவிந்து மாஸ்டர் டீக்கடை. அவர் போராட்டத்தில் முன்னால் நிக்கிற ஆளு, கடை வாசலில் அவரே கொடி கட்டியிருந்தார். அன்னைக்குக் கடையைத் தொறந்தா கல்லு விழும். அதைத் தெருத்தெருவா சொல்லிக்கினு போனவரே அவர்தான்.

பாயம்மா என்ன சொன்னாங்கன்னு தெரியலை. மாஸ்டர் ரெண்டு பக்கமும் பார்த்தார். கடையை அடைச்சிருந்த பலகையில் ஒண்ணை மட்டும் கழட்டி, உள்ளே ஊர்ந்து போயி, சர்க்கரை டப்பாவோட வெளியே வந்தார். தெருமுனையில் நின்னவங்க "டேய்!"ன்னு கத்தினாங்க.

"வேபாரம் இல்லடா, வைத்தியம்!"ன்னு இவரும் கத்தினார்.

சர்க்கரையை ரெண்டு சொட்டு தண்ணியில் குழைச்சு, விரலில் தொட்டு ஈறில் தடவினேன். தொண்டைக்குள் ஊத்தக் கூடாது, புரையேறிடும். தடவினேன், காத்திருந்தேன், தடவினேன். பாய் கண்ணை மூடிக்கினு வாய்க்குள் ஏதோ ஓதினார். முதலில் காது அசைஞ்சுது. அப்புறம் நாக்கு வந்து என் விரலை நக்குச்சு. அந்தச் சொரசொரப்பு மாதிரி ஒரு சொகம் என் சர்வீசில் நான் கண்டதில்லை.

"வந்துட்டான்"ன்னேன். பாய் அப்படியே மூட்டைமேல உக்காந்துட்டார்.

மாஸ்டர் அப்போதான் குனிஞ்சு பார்த்தார். "அட, நம்ம கருப்பன்!"

"எந்தக் கருப்பன்?"ன்னார் பாய்.

"இவன்தாங்க. காலைல பால்ல பன்னு ஊறவெச்சுக் குடுப்பேன், சாயங்காலம் ஒருவாட்டி. பந்துன்னு கடை தொறக்கல, இன்னிக்கு பட்டினியாப் பூட்டான் போலருக்கு. அதான் வுழுந்துட்டான்."

சத்தம் கேட்டு ரெண்டு வூடு தள்ளி இருந்த டீச்சரம்மாவும் வந்துட்டாங்க. "அய்யோ, லட்சுமிக்கு இன்னா ஆச்சு? தெனமும் மத்தியானம் தயிர் சாதத்துக்கு வந்துடுமே! இன்னிக்கு கல்லு வுழுமேன்னு கதவச் சாத்திக்கினேன்."

பாய் பூனையைப் பார்த்தார். பூனை வேற பக்கம் பார்த்துச்சு.

எனக்கு அப்போதான் கணக்கு புரிஞ்சுது. நாங்க ஏத்தி ஏத்திப் போட்ட டோஸ் சுல்தானுக்கு மட்டும் இல்லை, கருப்பனுக்கும் லட்சுமிக்கும் சேர்த்துத்தான். அன்னைக்கு அவங்க ரெண்டு பேரும் பட்டினி, ஊசி மட்டும் மூணு பேருக்கும் போச்சு. யாருக்கு எவ்வளவு பங்குன்னு ஊரே ரோட்டை மறிச்சு நின்ன நேரத்தில், இவன் எல்லார் பங்கையும் சத்தமில்லாம வாங்கித் தின்னுக்கினு இருந்திருக்கான்.

4. தட்டு

மரங்களை எடுத்த பிறகு டாக்டர் வந்து சேர்ந்தார். எல்லாத்தையும் கேட்டு முதலில் சிரிச்சார். தேன் விஷயம் வந்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. "ரெடியா வெய்யின்னு சொன்னேன். எதுக்குன்னு சொல்லலியே"ன்னார். பரண்மேல இருந்த கேனை அவரே சைக்கிளில் வெச்சுக் கொண்டுபோயி பாய் வூட்டில் இறக்கினார். டோஸ் மறுபடியும் அடியில் இருந்து ஆரம்பிச்சுது. மாஸ்டரும் டீச்சரம்மாவும் இனிமே ஒரு பருக்கை போட மாட்டோம்னு சத்தியம் பண்ணினாங்க.

நான் கத்துக்கினது ரெண்டு விஷயம். மருந்து கொடுக்கும்போது எப்படின்னு மட்டும் சொல்லாதே, எதுக்குன்னும் சொல்லு. இன்னொண்ணு, நோயாளி என்ன சாப்பிடுதுன்னு வூட்டுக்காரங்களை மட்டும் கேக்காதே, தெருவையும் கேளு. செல்வி, என்னோட டாக்டரம்மா இந்த ரெண்டையும் செஞ்சாங்க, நல்லவங்க. அதனால அம்மாகிட்ட சொல்லி அந்தச் சர்க்கரை டப்பாவைத் திருப்பி வாங்கி வெக்கச் சொல்லுங்க. சர்க்கரை இருக்கிற வூட்டில்தான் இன்சுலின் போட்டுக்கணும். நான் சொன்னா, திங்கறதுக்குத்தான் கேக்கறேன்னு நெனச்சு அவ நம்ப மாட்டேங்கறா.

பந்த் முடிஞ்சு மறுநாள் கடை தொறக்கப் போவுதுன்னு பேச்சு வந்த சாயங்காலம், பாய் வூட்டில் ஊசி போட்டுட்டு நான் மட்டும் டீக்கடை வழியா திரும்பினேன். பெஞ்சுக்கு அடியில் ஒரு அலுமினியத் தட்டு, கருப்பனோடது. பந்துக்கு முந்தி ஊத்தின பால் காஞ்சு அதில் எறும்பு மொய்ச்சுக்கினு இருந்துச்சு. சத்தியத்தை நான் நம்பாம இல்லை. மாஸ்டர் நல்ல மனுஷன்; நல்ல மனுஷங்கதான் பன்னு போடுவாங்க. தட்டை அடிபம்புல கழுவினேன். இருந்த இடத்திலேயே கவுத்து வெச்சேன். மேல ஒரு செங்கல்லை ஏத்தி வெச்சுட்டு வூட்டுக்குப் போனேன்.