அப்பாவின் பழுப்புப் பேன்ட்

எங்கள் அப்பாவுக்குத் துணியை வெட்டுவதென்றால் மட்டும் மனசு வராது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒற்றை அறைத் தையல்கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளில், மே மாதம் வந்தால் அக்கரையில் வைப்பின் தீவிலிருந்துகூடப் பெண்கள் படகேறி யூனிபார்ம் துணியோடு வருவார்கள். எந்த உடுப்பானாலும் தையலுக்கு உள்பக்கம் தாராளமாகத் துணி விடுவார். பிள்ளைகள் வளர்ந்தால் பிரித்து விரித்துக்கொள்ளலாம். "இப்படிச் செஞ்சா புதுசு தைக்க யார் வருவா?" என்று நான் சண்டை பிடிப்பேன்.

"வெட்டிட்டா போச்சு மோளே. நாளைக்கு ஆளு தடிச்சா என்ன செய்யும்?" என்பார்.

அவரே நல்ல தடிமனான ஆள்தான். சாயாவும் பழம்பொரியும் வளர்த்த தொந்தி. கடையை மூடினால் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தத் தொந்தியில் சாய்ந்துதான் நானும் தம்பியும் டிவி பார்ப்போம்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் கழித்து, ஓணத்துக்குச் சற்று முன்பு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. தையில் முகூர்த்தம். அந்த மாதங்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணக் கவலை என்றாள் அம்மா. அவர் மெலிவது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அவருடைய உடுப்பு ஒருநாளும் தொளதொளவென்று தொங்கியதில்லை.

மார்கழியில் ஒருநாள் தன் பழுப்புப் பேன்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, இடுப்பைப் பிடித்துத் தைக்கும்படி என்னிடம் தந்தார். கண் வலிக்கிறதாம். எனக்கு எரிச்சல். "கல்யாணம் எனக்கா, உங்களுக்கா? மாப்பிள்ளை கணக்கா இறுக்கிக்கிட்டு அலையறீங்க" என்று கேலி செய்துகொண்டே கோணல்மாணலாக ஓட்டிக் கொடுத்தேன். அவரும் சிரித்தார்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் கடையிலேயே விழுந்தார். வயிற்றில் கட்டி. ஓணம் கழிந்ததுமே ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் செய்யச் சொன்னாராம். சொன்னால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவோம் என்று பயந்து, மகளை அனுப்பிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாராம். பங்குனி முடிவதற்குள் போய்விட்டார். எனக்கு இன்றும் அவர்மேல் கோபம் உண்டு. நாலு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் குடியா முழுகியிருக்கும்?

வருஷத் திவசம் முடிந்ததும் அம்மா அந்தப் பேன்ட்டை எடுத்துத் தந்தாள். "தம்பிக்கு இடுப்பை விரிச்சுக் குடு. சும்மா வச்சு பூச்சி தின்ன வேண்டா." தம்பியும் அப்பாவைப் போலவே தடியன்.

பின்பக்கத் தையலைப் பிரித்தேன். அதற்கடுத்து இன்னொரு தையல் இருந்தது. அதையும் பிரித்தேன். மூன்றாவது கோணல்மாணலாக ஓடியது, என்னுடையது. அதைத் தாண்டியும் இரண்டு. ஐந்து தடவை பிடித்துத் தைத்திருக்கிறார். அதில் ஒரு தடவை என் கையாலேயே. அழுகை வந்து கண்ணை மறைத்தது. ஐந்தாவதையும் பிரித்தபோது, அப்பாவின் பழைய இடுப்பு அப்படியே என் மடியில் விரிந்தது.

உள்ளே மடிந்து கிடந்த துணியில் கத்தரி படவே இல்லை. அதை வெட்டியிருந்தால் பேன்ட் இன்னும் நன்றாக உட்கார்ந்திருக்கும். அது அவருக்குத் தெரியாததல்ல. மகளை அனுப்பிவிட்டு, ஆபரேஷனும் முடிந்து, மறுபடி தடித்துவிடலாம் என்று அப்பா நம்பியிருக்கிறார்.