ஏசிப் பெட்டிக்கு ஒரு பனியன்

என் பேத்தி பங்குனி வெயிலில் பிறந்தாள். அவளிடம் ஏன் என்று கேட்க முடியாது. என் சம்பந்தியம்மாள் என்னிடம் கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில், நான் இனிப்பு டப்பாவை நீட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

"ஏனுங்ணா, உங்க ஊட்டுல ஏசி இல்லீங்களே? எங்க ஊட்டுல மூணு ரூமுலயும் இருக்குது. வெயில் தாழ்ற வரைக்கும் தாயையும் பிள்ளையையும் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?"

பிரசவத்துக்கு வந்த பெண் அஞ்சு மாசம் தாய்வீட்டில் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த அஞ்சு மாசத்துக்காக நான் கல்யாணத்தன்றிலிருந்தே காத்திருந்தேன். அதைப் போய் சுவரில் மாட்டுகிற ஒரு பெட்டியைக் காட்டிப் பிடுங்கப் பார்க்கிறாரே! எனக்குச் சுருக்கென்றது.

"அதெல்லாம் நாளைக்கே மாட்டிடறமுங்க" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி லட்டை வாயில் போடாமல் என்னையே பார்த்தாள்.

மறுநாள் கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் விலையைச் சொல்லாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தான். ரூம் எத்தனைக்கு எத்தனை? மேலே மொட்டை மாடியா, இன்னொரு மாடியா? மேற்குப் பார்த்த சுவர் உண்டா? ஜன்னல் எத்தனை? பொருள் வாங்க வந்தவனைப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி விசாரிக்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மார்பு அளவும் உயரமும் தெரியாமல் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். அந்த நியாயம் அப்போது ஞாபகம் வரவில்லை. கோபத்தில் எனக்குத் தொழிலே மறந்துபோகும்.

"ஒரு டன்னு போதுமுங்க" என்றாள் மனைவி.

"ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்கலாம். பின்னாடி சுருங்கும்" என்றேன்.

"ஏசி சுருங்காதுங்க சார்" என்றான் பையன், ரொம்ப மரியாதையாக. மனைவி எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி ரெண்டு ஃபிரிட்ஜ் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மொட்டை மாடிச் சூடும் மேற்கு வெயிலும் சேர்வதால் ஒன்றரை டன்தான் சரி என்று அவனே சொன்னான். நான் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

மாட்ட வந்த ஆட்கள் உள்பெட்டியைப் படுக்கையறையிலும் வெளிப்பெட்டியைப் பின்சுவரிலும் பொருத்தினார்கள். ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவச் சொன்னார்கள். கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். நான் வெளிப்பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். கையேட்டை பீரோவில் வீட்டுப் பத்திரம் வைக்கிற இடத்தில் வைத்தேன். பத்திரத்தையும் நான் படித்ததில்லை.

பத்து நாள் ராஜ வாழ்க்கை. குழந்தை முதுகில் இருந்த வேர்க்குரு அமுங்கிப்போனது. வீடியோ காலில் சம்பந்தியம்மாள் வந்தால், குழந்தையைக் காட்டுவதற்கு முன் ஏசியில் பச்சை எழுத்தில் எரியும் இருபத்துநாலைக் காட்டுவேன்.

எல்லாம் அந்தப் பஞ்சைப் பார்க்கிற வரைக்கும்தான்.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட் ஒன்று ஓடுகிறது. அங்கிருந்து பறக்கிற பஞ்சு எங்கள் கொடித்துணியிலும் முருங்கை மரத்திலும் உட்காரும். அதை நாங்கள் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. பதினோராம் நாள் தற்செயலாகப் பின்பக்கம் போனேன். வெளிப்பெட்டியின் முதுகுக் கம்பிவலையில் வெள்ளையாகத் தாடி முளைத்திருந்தது.

இத்தனை விலை வாங்குகிற கம்பெனிக்காரன் பெட்டிக்கு ஒரு உறை கொடுக்க மாட்டானா? உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்புகிற ஊரில் என் ஏசி வெயிலிலும் பஞ்சிலும் வெறும் உடம்போடு நிற்பதா?

டேப்பை எடுத்தேன். உயரம், அகலம், பக்கவாட்டு எல்லாம் அளந்தேன். கம்பெனியில் கலர் மாறிப்போய் ஒதுக்கிய இன்டர்லாக் துணி, நல்ல கெட்டியான மெரூன் நிறம், கிடந்தது. கேட்டு வாங்கி, நானே பேட்டர்ன் போட்டு வெட்டினேன். டெய்லர் ஒருத்தர் ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துக் கொடுத்தார். கீழே எலாஸ்டிக். குழாய் வருகிற இடத்துக்கு இழுபடுகிற ரிப் துணி வைத்து ஒரு கை. கை வைத்தவுடன் அது உறை என்பதே போய் பனியனாகவே ஆகிவிட்டது. மாட்டிப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. ஏசி ஓடும்போது முன்பக்கம் உப்பி, விருந்து சாப்பிட்டவன் தொப்பை மாதிரி ஆடியது. துணி என்னமாய் விழுந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் ஏசி இருபது நிமிஷம் ஓடிவிட்டு வெறும் காற்றை ஊதியது. அரை மணி கழித்துக் குளிர்ந்தது. மறுபடி வெறும் காற்று. குழந்தை வீறிட்டாள். ரெண்டே நாளில் முதுகு பூராவும் மறுபடி சிவப்புப் புள்ளி.

அதற்கப்புறம் நான் சண்டை போடாத ஆளே இல்லை. முதலில் வயர்மேனைப் பிடித்தேன். அவர் பார்த்துவிட்டுக் கரண்ட் சரியாக இருக்கிறது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைக்குப் போன் பண்ணி, ஓட்டைப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர்கள் கொடுத்த நம்பரில் ஒரு பெண் குரல் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. "ஏம்மா, கைக்குழந்தை இருக்கற ஊடும்மா" என்றேன். அது ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. பதிவு பண்ணின குரல் என்று மகள் சொல்வதற்குள் நான் அந்தம்மாவின் மனசாட்சியைப் பற்றி ரொம்ப நேரம் பேசிவிட்டிருந்தேன்.

அடுத்து நிட்டிங் யூனிட். "உங்க மெஷினுதான் வோல்டேஜைப் பூரா உறிஞ்சுது" என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். மேனேஜர் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "உக்காருங்க. எங்க லைன்ல ஏதோ ரிப்பேரு, நாங்க காலையில இருந்து ஜெனரேட்டர்ல ஓட்டீட்டு இருக்கறமுங்க" என்றார். அதுவரை காதைப் பிளந்துகொண்டிருந்த ஜெனரேட்டர் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன். எதிராளி இவ்வளவு மரியாதையாக இருந்தால் மனுஷன் எப்படித்தான் சண்டை போடுவது?

ஐஸ் கட்டி வாங்கி வந்து அண்டாவில் போட்டு ஃபேன் முன்னால் வைத்தேன். குழந்தை தும்மினாள். மகள் அண்டாவைத் தூக்கி வெளியே வைத்தாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா உக்காந்தீங்கன்னாவே ஊடு பாதி குளுந்துரும்" என்றாள்.

மகள் மாப்பிள்ளையிடம் போனில் பேசும்போது குழந்தை அழுத சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சம்பந்தியம்மாள் காரில் வந்து இறங்கினார். கையில் காலிப் பை. போகிற வழியில் பழம் வாங்குகிற பை என்று மனைவி சொன்னாள். குழந்தைத் துணி அடுக்குகிற பை என்பது எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது.

குழந்தையின் முதுகைப் பார்த்துவிட்டு அவர் விசிறியை எடுத்து வீசினார். அப்புறம் மெதுவாக, "ஒரு பதினஞ்சு நாளைக்கு மட்டுமுங்ணா" என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏசியைப் பார்த்தேன். அது ஊதிக்கொண்டிருந்தது.

நல்லவேளையாக, மகள் அந்த நம்பரில் சொல்லி வைத்திருந்த மெக்கானிக் அந்நேரம் வந்து சேர்ந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், என் வயசுதான் இருக்கும். உள்பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், பின்பக்கம் போனார். போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாங்க. யாரு இதுக்குச் சட்டை போட்டது?"

"நாந்தான். ஏன், ஃபிட்டிங் சரியில்லீங்களா?"

"ஃபிட்டிங் பிரமாதமா இருக்கு. உள்ள இருக்க சூட்டை எல்லாம் இந்தப் பொட்டிதான் வெளிய தள்ளணும் அண்ணாச்சி. நீங்க வாயையும் மூக்கையும் சேத்துத் தச்சு வச்சிருக்கிய. மூச்சு முட்டி அது நின்னு நின்னு போவுது."

"காத்தோட்டமான துணிங்க அது. பருத்தி. போட்டா வேர்க்காது."

"உங்களுக்கு வேர்க்காது. அதுக்கு வேர்த்துப் போச்சுல்லா!"

பனியனைக் கழற்றினார். பிரஷ்ஷால் தாடியைச் சிரைத்தார், தண்ணீர் விட்டு முதுகைக் கழுவினார். மனைவி எப்போது போய் எடுத்தாளோ, பீரோவிலிருந்த கையேட்டோடு வந்து நின்றாள். மூன்றாம் பக்கத்திலேயே படம். பெட்டி மேல் போர்த்திய துணி, துணி மேல் பெரிய பெருக்கல் குறி. எழுத்தே தெரியாதவனுக்கும் புரிகிற படம். பீரோவுக்குள் பூட்டி வைத்தவனுக்குப் புரியாது, அவ்வளவுதான்.

பத்து நிமிஷத்தில் அறை குளிர்ந்துவிட்டது. மெக்கானிக் பனியனை மடித்து என் தோளில் போட்டுவிட்டுப் போனார். போகும்போது சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டுக்காகவே அந்த மனுஷனை மன்னித்தேன்.

உள்ளே போனேன். "என்ன கோளாறுங்ணா?" என்றார் சம்பந்தியம்மாள்.

"ஏதோ கெப்பாசிட்டருங்க" என்றேன். அது என்னவென்று எனக்குத் தெரியாது. மனைவி வாயைத் திறந்தாள், நான் முறைத்தேன், மூடினாள்.

"தோள்ல என்னங்க அது?"

"வெளிப்பொட்டிக்கு நான் தச்ச உறைங்க."

அவர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். தையலைத் தடவினார், எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுப் பார்த்தார். "அருமையான துணிங்ணா! எங்க ஊட்டுலயும் மூணு பொட்டி வெயில்ல நிக்குது. இதே கலர்ல மூணு தச்சுக் குடுங்களே."

என் மண்டைக்குள் ஒரு வெளிச்சம். மூணு பனியன். மூணு ஏசியும் மூச்சு முட்டி நிற்கும். அஞ்சு மாசம் ஆறாகும், ஏழாகும். கோயமுத்தூரில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியவில்லை என்று அவரே கொண்டுவந்து விடுவார். என் கை டேப்பைத் தேடி ஜேப்புக்குள் போய்விட்டது.

குழந்தை மகளின் மடியில் குப்புறக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டை போடவில்லை. சின்ன முதுகில் நான் உண்டாக்கின புள்ளிகள் எல்லாம் இருந்தன. கோயமுத்தூரில் பனியனை மாட்டினால் அங்கேயும் இந்த முதுகுதான் சிவக்கும்.

"வேண்டாமுங்க" என்றேன். "அதுதானுங்க கோளாறே." எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிட்டிங் யூனிட் மோரை மட்டும் விட்டுவிட்டேன். மனைவி அதையும் சேர்த்துச் சொன்னாள்.

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குழந்தை முழித்துவிடும் என்று சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு காலிப் பையை மடித்தார். "பாப்பா இங்கயே இருக்கட்டுங்ணா. ஆனா வாராவாரம் ஃபில்டரைக் கழுவி எனக்கு வீடியோ அனுப்போணும்" என்றார்.

முப்பது பேர் வேலை பார்க்கிற கட்டிங் செக்ஷனுக்கு மாஸ்டர் நான். என் வேலையை என் சம்பந்தி செக்கிங் பண்ணுகிறார்! ஞாயிறு தவறாமல் நாற்காலி போட்டு ஏறி, ஃபில்டரைக் கழற்றி, குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுகிறேன். மகள் படம் பிடிக்கிறாள். போன வாரம் சுத்தமாக முடித்து அனுப்பினோம். உடனே பதில் வந்தது.

"சரிங்ணா. பின்பக்கத்துப் பொட்டியையும் ஒருக்கா காட்டுங்க."

பன்னிரண்டு மணி வெயிலில் போய்க் காட்டினேன். பெட்டி வெறும் உடம்போடு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.