சந்திரன் ஏன் விழவில்லை என்று சொல்லப்போய்

ஓர் ஊரில் விஞ்ஞானம் படிப்பிக்க ஒரேயொரு ஆள் இருந்தால், வானத்தில் நடப்பதற்கெல்லாம் அந்த ஆள்தான் பொறுப்பு. கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை வறண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியிலுள்ள உருத்திரபுரத்துக்கு நான் மாற்றலாகி வந்த நேரம் பார்த்து ரஷ்யாக்காரர் செயற்கைச் சந்திரனை ஏவினார்கள். அதுவரை ஒரு சந்திரனுக்கு மறுமொழி சொன்னால் போதுமாக இருந்தது.

வாளி

முதலில் வாளியைத்தான் எடுத்தேன். பாதிக்கு நீர் நிரப்பி, கயிற்றில் கட்டி, பள்ளிக்கூட முற்றத்தில் தலைக்கு மேலாகச் சுழற்றினேன். கொண்டை அவிழ்ந்து முதுகில் தொங்கியது. நீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். "ஏன் சிந்தவில்லை?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். "நீங்கள் கெட்டிக்காரி, ரீச்சர்" என்றார்கள். அதற்காகவா என் தோள் இரண்டு நாள் நொந்தது?

கைதட்டாதவள் புஷ்பம் ஒருத்திதான். அந்த வகுப்பில் உண்மையாக யோசித்தவளும் அவள்தான். அவளை அடுத்த வகுப்புக்கு விடுவதா, வீட்டோடு மறிப்பதா என்று அறுவடை முடிந்ததும் சொல்வதாகத் தகப்பன் கணபதியார் தவணை வைத்திருந்தார். பூமியின் ஈர்ப்புத்தான் சந்திரனைக் கட்டிய கயிறு என்று நான் விளக்கியபோது, அவள் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இழுத்தால் கிட்ட வரவேணுமே, ரீச்சர். இவ்வளவு காலம் இழுத்தும் கிட்ட வரேல்லை எண்டால், அது என்ன இழுவை?"

துணிக்கடை

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில், எல்லோரும் அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடும் முல்லைத்தீவு மீரானின் துணிக்கடை. அங்கே ஒரு றேடியோ இருந்தது. செய்தி கேட்கக் கூடியவர்கள், பாவாடைத் துணி வாங்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ரஷ்யாக்காரரின் சாமான் கடைக்கூரையில் விழுமா என்பதுதான் காக்காவின் கவலை.

பொறுமையாகத் தொடங்கினேன். உயரத்தில் நின்று ஒரு கல்லை முன்னுக்கு எறிந்தால் கொஞ்சத் தூரத்தில் விழும். வேகமாக எறிந்தால் இன்னும் தள்ளி விழும். மிக மிக வேகமாகப் போனால், கல் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, உருண்டையான பூமியும் அவ்வளவு கீழே வளைந்துகொண்டு போகும். கல் விழுந்துகொண்டேயிருக்கும், நிலம் மட்டும் எட்டாது. ரஷ்யாக்காரரின் சாமான் போகும் உயரத்தில், மறித்து வேகத்தைக் குறைக்கக் காற்றும் இல்லாத மாதிரித்தான். காக்கா துணியை அளந்து, கிழித்து, மடித்துத் தந்தார். முகம் தெளிந்திருந்தது. "அதாவது, வெளிக்கிட்டாச்சு, ஆனா இடத்துக்கு வந்து சேராது. யாழ்ப்பாணத்திலையிருந்து வாற என்ர சரக்கும் அப்பிடித்தான், ரீச்சர்."

களம்

புஷ்பத்துக்காகப் பேசலாம் என்று ஒரு காலை கணபதியாரின் களத்துக்கே போனேன். அவர் பழைய வன்னி ஆள். அடுக்கிவைத்த நெற்கதிர்ப் போரான சூட்டைப் பிரித்துப் போட்டு மாடுகள் மிதித்துக்கொண்டிருந்தன. வைக்கோல் வாசம் மூக்கை அரித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் நல்ல மனநிலையில் இருந்தார். "பிள்ளை ஏதோ சந்திரனைப் பற்றிச் சொல்லுறாள். பூமி இழுக்குதெண்டால் அது ஏன் வந்து மோதேல்லை?" என்று தானாகவே கேட்டார். எனக்கு வாயெல்லாம் பல். "அது விழுந்துகொண்டுதான் இருக்குது, ஐயா!" என்றேன்.

மாடுகளை நடத்திக்கொண்டிருந்த ஆள் அப்படியே நின்றுவிட்டார். நான் சொன்னது கேட்கவில்லையோ என்று நினைத்து, "ஓயாமல் விழுது, ஒவ்வொரு கணமும் விழுது" என்று இன்னும் உரத்துச் சொன்னேன். களத்தில் நெல்லைக்கூட நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள் என்றும், விழுந்தது, குறைந்தது, முடிந்தது என்று யாராவது சொன்னால் பூதங்கள் கேட்டு விளைச்சலை அள்ளிப்போய்விடும் என்றும் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். பட்டப்படிப்பில் இதை யார் படிப்பித்தார்கள்? கணபதியார் குரலை உயர்த்தவில்லை. "ரீச்சர், களத்தை விட்டு இறங்கி நிண்டு கதையுங்கோ. பிள்ளையின்ர படிப்பையும் அங்கையே விட்டிட்டுப் போங்கோ."

வீடு

அன்று பின்னேரமே, பருவமில்லாத மழை. கணபதியாரின் சூடு ஒரு பக்கம் நனைந்துபோனது. மழைக்கும் நானே பொறுப்பு. ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். உட்காரக் கதிரை மட்டும் தந்தார்கள். குசினி வாசலில் நின்ற புஷ்பம்தான், என்னைப் பாராமல், தகப்பனிடம் தொடங்கினாள்.

"அப்பா, சந்திரன் ஒரு பக்கமாய் ஓடிக்கொண்டிருக்குது. பூமி இழுக்காட்டில் நேரே ஓடிப்போயிடும். ஓட்டம் இல்லாட்டில் நேரே எங்களிட்டை வந்திடும். ரெண்டும் இருக்கிறதாலை இழுவை அதைத் திருப்பித் திருப்பி விடுது. அதுதான் சுத்துது."

ஆகாத சொல் ஒன்றுகூட இல்லை. மழை விட்ட பிறகு தெரியும் வானம்போல அத்தனை துலக்கம். ஒரு வருடமாக வாளியோடும் கல்லோடும் நான் பட்ட பாடு ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. கணபதியார் தலையாட்டினார், சிரித்தார், எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். பெண் தப்பிவிட்டாள் என்று நான் கோப்பையை வாயில் வைத்தேன்.

"எனக்கே விளங்கீட்டுது, ரீச்சர். இவ்வளவும் படிச்ச பிள்ளைக்கு இனிப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு?"

ஒரு பாடத்தை ஒரு பிள்ளைக்கு முழுதாக விளங்கவைத்தால் என்ன நடக்கும் என்று கேட்கும் இளம் ஆசிரியைகளுக்கு, வகுப்பில் ஓர் இடம் காலியாகும் என்பதைத் தவிர வேறு மறுமொழி என்னிடம் இல்லை.