ஜீவிதா வேண்டாம் என்று ஒதுக்கிய தாள்கள்

நம் வணிகர் சங்க ஆண்டு மலருக்கு, உழைத்து முன்னுக்கு வந்த ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவில் கேட்டார்கள். என்னைப் பற்றியே எழுதலாம், அதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தாம்பரம் ஸ்டேஷன் எதிரே ஒரு ஓட்டலில் இலை எடுத்தவன். இன்று முடிச்சூர் சாலையில் சொந்தச் சமையல்கூடம் வைத்து, கம்பெனிகளுக்கும் ஹாஸ்டல்களுக்கும் சாப்பாடு அனுப்புகிறேன். பெருங்களத்தூரில் மாடியோடு வீடு கட்டியிருக்கிறேன். தாமோதரன் சாப்பாடு என்றால் வீட்டு விசேஷச் சாப்பாடு மாதிரி என்று மற்ற கேட்டரிங்காரர்களே சொல்வார்கள். ஆனால் இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சங்கக் கூட்டங்களில் நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜீவிதாவைப் பற்றி எழுதுகிறேன்.

அவள் என் மகள் வயதுதான். ஆகவே 'அவள்' என்றே எழுதுகிறேன். டாக்டர் பட்டம் வாங்கியவரை அப்படி எழுதலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஜீவிதாவிடமே கேட்டேன். "நீங்க வேற எப்படி எழுதினாலும் எனக்கு யாரோ மாதிரி இருக்கும் அங்கிள்" என்றாள்.

கணவன் ஜெபினுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஜீவிதா எம்.பி.ஏ. சொல்லிக்கொடுக்கும் ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியை. குடி வந்தபோதே பகுதி நேரமாக நிர்வாகவியலில் பிஎச்.டி. பதிவு செய்திருந்தாள். விடியற்காலையில் நான் சமையல்கூடத்துக்குக் கிளம்பும்போது மாடியில் விளக்கு எரியும். குக்கர் விசில் ஒரு பக்கம் கேட்கும், அவள் வாய்விட்டுப் படிக்கும் இங்கிலீஷ் ஒரு பக்கம் கேட்கும். கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம்: வரும் ஜூனுக்குள் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுக்காதவர்களுக்கு நிரந்தர வேலை கிடையாது.

என்ன ஆராய்ச்சி என்று ஒருநாள் கேட்டேன்.

"சின்னத் தொழில்கள்ல வேலை செய்றவங்க ஏன் ஒரு இடத்துல நிலைச்சு நிக்கிறாங்க, ஏன் திடீர்னு கிளம்பிடறாங்க. அதான் அங்கிள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்குப் போய் இத்தனை வருஷம் படிக்கணுமா? இங்க வந்து உக்காரு, நான் சொல்றேன். அரை மணி நேரத்துல டாக்டர் ஆயிடலாம்."

அவளும் சிரித்தாள். "உங்களைக் கேக்குற ஆராய்ச்சி இல்லையே அங்கிள். அவங்களைக் கேக்கணும்."

அவர்களைக் கேட்பதற்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தாள். தமிழில்தான் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே முழுத் திருப்தி, திருப்தி, சொல்வதற்கில்லை, திருப்தியில்லை, கொஞ்சமும் திருப்தியில்லை என்று கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். கடை கடையாகப் போனாளாம். முதலாளிமார் யாரும் உள்ளே விடவில்லை. லேபர் ஆபீசிலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்து, ஒருவர் கடை ஷட்டரையே பாதி இறக்கிவிட்டாராம்.

நான் சும்மா இருப்பேனா? சங்கத்தில் தலைவராக இருந்தவன். நாலு போன் போட்டேன். பாத்திரக்கடை, பேக்கரி, துணிக்கடை, மரக்கடை எல்லாவற்றுக்கும் தாள் போயிற்று. என் சமையல்கூடத்தில் சம்பளம் கொடுக்கும் நாளில் நானே பழைய சம்பளப் பட்டியலைப் பார்த்து, ஆளுக்கொன்றாகத் தாள்களை எண்ணிக் கொடுத்தேன். அவள் ஆறு மாதம் அலைந்து முடியாத வேலை, எனக்கு ஒரு வாரத்தில் முடிந்தது. இன்றைக்கும் அதை உதவி என்றுதான் சொல்வேன்.

என் கூடத்துத் தாள்களை அவளிடம் கொடுப்பதற்கு முன் புரட்டிப் பார்த்தேன். எல்லோருக்கும் எல்லாவற்றிலும் முழுத் திருப்தி! அன்று சாயங்காலம் சங்கத்தில் யாரிடமெல்லாம் சொன்னேன் என்று கணக்கே இல்லை.

இரண்டு நாள் கழித்து ஜீவிதா கீழே வந்தாள். கையில் அந்தத் தாள்கள்.

"அங்கிள், ஏஞ்சல்னு ஒருத்தங்க உங்க கிச்சன்ல இன்னும் வேலை செய்றாங்களா?"

"பாத்திரம் தேய்க்கிற புள்ளையா? அது நின்னு ரெண்டு மாசம் ஆச்சே. சொல்லாம கொள்ளாம போயிடுச்சு."

"அவங்க முழுத் திருப்தின்னு போட்டிருக்காங்க."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஏஞ்சல் பேர் இருந்தது. பேர் எழுத வேண்டாம் என்று மேலேயே அச்சடித்திருந்தும் எல்லாத் தாளிலும் பேர் இருந்தது. எல்லாம் ஒரே கையெழுத்து.

மறுநாள் கங்கையம்மாளைக் கூப்பிட்டேன். காய் வெட்டும் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் அவள்தான்.

"ஆமா மொதலாளி, நான்தான் எழுதுனேன். எந்த பேப்பர் வந்தாலும் நான்தானே எழுதுறேன்? ரேசன் கார்டுக்கு நான், ஊசி போட்டதுக்கு நான். இதுக்கு மட்டும் தனித்தனியா எழுதச் சொன்னா அதுங்க இன்னா எழுதும்?"

"பேர் வாணாம்னு போட்டிருக்கு, ஏன் எழுதின?"

"பேர் இல்லாத பேப்பர எந்த ஆபீஸ்ல வாங்குவான்? திருப்பி அனுப்பிட்டா பேஜாரு."

"ஏஞ்சலுக்கு ஏன் போட்ட?"

"நீ அதுக்கும் சேர்த்துத்தானே பேப்பர் குட்த? ஒண்ணு கொறைஞ்சா ஏன்னு கேப்ப. அந்தப் பொண்ணுக்கு இன்னா, இங்க இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

மற்றக் கடைகளிலும் இதே கதைதான். பாத்திரக்கடையில் கேஷியர் சொல்லச் சொல்ல எல்லோரும் டிக் அடித்திருந்தார்கள். பேக்கரியில் முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். எங்கே போனாலும் முழுத் திருப்தி.

ஜீவிதா அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு தன் வழிகாட்டி டாக்டர் வேதசிரோமணியிடம் போனாள். வயதான மனிதர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். ஆய்வை முடிக்க ஏற்கெனவே ஒரு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. இருப்பதை வைத்து எழுதினால் ஜூனுக்குள் கொடுத்துவிடலாம். திரும்ப முதலிலிருந்து கேட்டால் முடியாது. உடன் வேலை செய்யும் ஒருவர், புள்ளிவிவரம் போட்டுத் தரும் ஆள் இருக்கிறார், அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக்கை மாற்றி எல்லாம் இயல்பாகத் தெரியும்படி செய்துவிடுவார் என்று சொன்னாராம். வேதசிரோமணி சார் அதைச் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. "உன் பேர்தானே அட்டையில வரும், நீயே சொல்லு" என்றாராம்.

அவள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டாள்.

ஜெபின் வந்து சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. படியேறிப் போனேன்.

"ஏம்மா, என் ஆளுங்க சொன்னது பொய்யின்னு சொல்றியா? நான் ஆளுங்களை எப்படி வெச்சிருக்கேன்னு ஊருக்கே தெரியும். பொங்கலுக்குத் துணி, புள்ளைங்களுக்கு நோட்டு, ஆஸ்பத்திரின்னா என் கார் போகும்."

"பொய்னு நான் சொல்லல அங்கிள்."

"பின்ன?"

அவள் அந்தத் தாள்களை எடுத்து என் பக்கம் தள்ளினாள். அப்புறம் சொன்னாள்: "அவங்க எனக்குப் பதில் சொல்லல. உங்களுக்குப் பதில் சொல்லியிருக்காங்க. உங்களுக்குச் சொன்னத வெச்சு நான் டாக்டர் ஆக முடியாது."

"வேலை போயிடும்மா."

"தெரியும்."

நான் இறங்கி வந்துவிட்டேன். அன்று ராத்திரி வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓட்டலில் இலை எடுத்த காலத்தில் என்னை யாராவது திருப்தியா என்று கேட்டிருந்தால், முதலாளி கொடுத்த தாளில் நான் என்ன டிக் அடித்திருப்பேன்?

ஜூன் வந்தது. சொன்னபடியே கல்லூரியில் அவளை நிரந்தரமில்லாமல், பாடம் எடுக்கும் மணிக்கு மட்டும் சம்பளம் வாங்கும் ஆளாக மாற்றிவிட்டார்கள். வீட்டில் சிக்கனம் பிடித்தார்கள், ஸ்கூட்டரை விற்றார்கள். என் கூடத்தில் மேனேஜராக வா என்று கூப்பிட்டேன், நல்ல சம்பளமும் சொன்னேன். "உங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்தா நானும் முழுத் திருப்தின்னுதானே போடணும் அங்கிள்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஆய்வுக்கு இன்னொரு முறை கால நீட்டிப்பு வாங்கிக்கொண்டு ஜீவிதா மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை எந்த முதலாளியிடமும் போகவில்லை. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் வேலை முடிந்து நிற்கும் பெண்களோடு நின்றாள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டும், பேர் கேட்காமல், தாளை நீட்டாமல், வாயால் கேட்டு அவளே குறித்துக்கொண்டாள். முதலில் இன்சூரன்ஸ் விற்பவள் என்று ஒதுங்கினார்களாம். மழையில் ஒரே குடைக்குள் நின்றபோது பேச ஆரம்பித்தார்களாம். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. திருநீர்மலைத் திருவிழாக் கூட்டத்தில்கூட, பஸ் கிடைக்காமல் நின்ற ஒரு துணிக்கடைப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்ததை நானே காரிலிருந்து பார்த்தேன்.

என் கூடத்துப் பெண்களிடமும் பேசியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கங்கையம்மாள் என்னைப் பார்க்கும் பார்வையே வேறாக இருந்தது. பொறுக்க முடியவில்லை.

"என்னம்மா சொன்னாளுங்க? பேர் வேணாம், விஷயத்தை மட்டும் சொல்லு."

"சொல்லமாட்டேன் அங்கிள்."

"என் வீட்டுல இருந்துகிட்டு, என் கூடத்து விஷயத்தை என்கிட்டயே சொல்லமாட்டியா?"

"சொன்னா அது ஆராய்ச்சி இல்ல அங்கிள், கோள் மூட்டுறது."

ஊரே எனக்கு வழி விடும், இந்தப் பெண் விடவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

வேதசிரோமணி சார் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தாள். பிறகு வாய்மொழித் தேர்வு வந்தது. அது எல்லோர் முன்னிலையிலும் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். ஆய்வு செய்தவர் வீட்டார் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது அங்கே வழக்கமாம். சாப்பாடு என்றதும் என் வேலையாகிவிட்டது. கேசரி, வடை, புளியோதரை எல்லாம் வேனில் ஏற்றி, பரிமாறக் கங்கையம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கங்கையம்மாள் அங்கே நுழைந்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு மாதிரியானவர். முகத்தில் சிரிப்பே இல்லை. திட்டத்தில் சொன்னதைவிட ஆட்கள் குறைவாக இருக்கிறார்களே, ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். ஜீவிதா நிமிர்ந்து நின்று சொன்னாள். முதலில் வாங்கிய பதில்கள் முதலாளிகள் வழியாக வந்தவை, ஒருவரே பலருக்கும் எழுதியவை, அதனால் அவற்றை ஒதுக்கினேன், அது என் திட்டத்தில் நடந்த பிழை, மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன் என்றாள். இங்கிலீஷிலும் சொன்னாள், எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாள். எங்கள் யார் பேரையும் சொல்லவில்லை. தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு, வந்திருப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். யாரும் எழவில்லை. எனக்குக் கேட்க ஆசைதான், ஆனால் அங்கே பேச எனக்கே தயக்கமாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், ஒரே ஒரு கேள்வி."

கங்கையம்மாள் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்த மொத பேப்பர்ல எல்லாருக்கும் எழுதுனது நான்தான். வேலைய வுட்டுப் போன பொண்ணுக்கும் சேர்த்து எழுதிட்டேன். அதுக்காக இந்த டீச்சரம்மாவுக்கு மார்க் ஒண்ணும் கொறையாதே?"

அறை முழுக்கச் சிரிப்பு. சிரிக்கவே தெரியாது என்று நான் நினைத்த தேர்வாளரும் சிரித்துவிட்டார். ஜீவிதா சிரிக்கவில்லை.

"குறையாதுக்கா," என்றாள். "நீங்க எழுதினதுனாலதான் நான் எப்படிக் கேக்கணும்னு தெரிஞ்சுது."

தேர்வாளர் எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறேன் என்று அறிவித்தார். ஜெபின் அழுதான். வேதசிரோமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் வடை மிச்சமில்லாமல் போனது. அதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இப்போது வேறொரு கல்லூரியில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஸ்கூட்டரும் வந்துவிட்டது.

ஆய்வேடு முழுவதும் இங்கிலீஷ். தன்னிடம் பேசியவர்கள் படிப்பதற்காகத் தமிழில் சின்னதாக ஒரு சுருக்கம் அச்சடித்துக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கூலி குறைவு என்று போனவர்கள் நான் நினைத்த அளவுக்கு இல்லையாம். பலர் சொன்னது இது: லீவு கேட்கும்போது எல்லார் எதிரிலும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதவிலக்கு, புருஷன் குடி, வீட்டுச் சண்டை என்று சொல்ல முடியாத காரணம் வரும்போது, லீவு கேட்பதைவிட வேலையை விடுவது சுலபமாக இருக்கிறது.

இதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. காரணம் கேட்காமல் லீவு கொடுத்தால் தொழில் நடத்த முடியுமா? நீங்களும் தொழில் செய்கிறவர்கள், உங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னது என் கூடத்துப் பெண்ணா, வேறு கடைப் பெண்ணா என்பதும் எனக்குத் தெரியாது. ஜீவிதா சொல்லவும் மாட்டாள்.

போன வாரம் காலையில், கூடத்தில் என் மேஜைக்கு எதிரே பொன்னி வந்து நின்றாள். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண், சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. "மொதலாளி, நாளைக்கு ஒரு நாள் லீவு வோணும்" என்றாள். எப்போதும் போல 'என்னா விஷயம்?' என்று உரக்கக் கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவளுக்குப் பின்னால் அத்தனை அரிவாள்மனைகளும் நின்றிருந்தன. வெண்டைக்காயைக் கையில் பிடித்தபடி எல்லோரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த அமைதி என் காதில் விழுந்ததே இல்லை.

"சரி, போய்ட்டு வா" என்றேன்.

வெட்டும் சத்தம் திரும்பக் கேட்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மறுநாள் பொன்னி போனாள், அதற்கடுத்த நாள் திரும்பி வந்தாள். எதற்குப் போனாள் என்று எனக்கு இன்னும் தெரியாது.