தூங்கவிடாத சலூன்காரர்

சீப்பின் முதுகால் தோளில் ஒரு தட்டு. நாற்காலியில் சொக்கிப் போயிருந்தவர் திடுக்கிட்டு விழிக்கிறார்.

"தூங்காதீங்க சார். வீட்டுல போய்த் தூங்குங்க."

முடிவெட்டும்போது கண் செருகுவது உலக வழக்கம். அந்தச் சுகத்துக்காகவே சலூனுக்கு வருகிறவர்கள் உண்டு. எங்கள் தெருமுனைக் கடையில் அது நடக்காது. தண்ணீர் வராத குழாய், பக்கத்து வீட்டுச் சண்டை என்று சலூன்காரர் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் தாமதமானால் கத்தரி நின்றுவிடும். அவரும் பகலில் தலை சாய்ப்பதில்லை. ஈ ஓட்டுகிற மதியத்திலும் சவரக் கத்தியைத் துடைத்தபடி வாசலில் நிற்பார்.

போன வருஷம்வரை இப்படியில்லை. அவருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். மருந்துக்கு ஓரளவு அடங்கித்தான் இருந்தது. திடீரென்று ஒரு தாகம் பிடித்தது, குடத்தைக் கவிழ்த்தாலும் தீராத தாகம். மலம் இறுகியது, பேச்சு குழறியது. அப்புறம் தூக்கம். எழுப்பினால் "ம்" என்பார், மறுபடி தூக்கம்.

மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். "வலி மாத்திரை மயக்கம்மா" என்று பெரிய டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். வலி கூடியதே தவிரத் தூக்கம் தெளியவில்லை. அடுத்த முறை, "நோய் முத்திடுச்சு. வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க" என்றார். புற்றுநோய்க்காரனுக்கு எது வந்தாலும் அது புற்றுநோய்தான் என்பது அவர் தீர்ப்பு. ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் எனக்கு வேலை. எங்கள் ஊரில், எங்கள் தெருவில், பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமும் இருந்தது, இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. சலூன்காரரின் ரத்தம் மட்டும் கீழ்த்தளத்துக்கு வரவே இல்லை.

வீட்டில் சொந்தபந்தம் கூடிவிட்டது. அதைச் சலூன்காரரே பின்னால் என்னிடம் சொன்னார்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு தம்பி. வாய்தான் வரல. என் மச்சான் சொல்றான், 'கடைய இனி நான் பாத்துக்கறேன்க்கா, அந்த நாற்காலிக்கு மட்டும் மெத்தை மாத்தணும்'னு. நான் மூச்சு விட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

முனகலைப் பொறுக்காமல் மகள்தான் வேறோர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். அங்கே முதல் காரியமாக ரத்தம் எடுத்தார்கள். சுண்ணாம்புச் சத்து தாறுமாறாக ஏறிக் கிடந்தது. நோய் அரித்த எலும்பிலிருந்து கரைந்து வந்தது; தாகம், தூக்கம் எல்லாம் அதனால்தான். சலைன் ஏற்றி, அதற்கான ஊசியும் போட்டார்கள். சில நாளில் எழுந்து உட்கார்ந்து, சவரம் செய்யக் கண்ணாடி கேட்டார்.

அந்தப் பரிசோதனைத் தாளை மனைவி பெரிய டாக்டரிடம் காட்டினார். "இப்ப நல்லாத்தானே இருக்கார்?" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"உங்க மச்சான் இப்ப எங்க முடிவெட்டிக்கறார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடுத்த தெருவுல. கத்தி என் கையிலதானே இருக்கு?"

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நோய் உள்ளேதான் இருக்கிறது, சுண்ணாம்பு மறுபடி ஏறலாம். மருந்து ஏற்றிக்கொள்ளவோ பழைய இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். மகள் கொண்டுபோன இடத்தில் புற்றுநோய்க்கு வைத்தியம் கிடையாது.

"பழைய ஆஸ்பத்திரில மட்டும் கண்ண மூடிடக் கூடாது தம்பி. உசிரோட இருக்கிறவன இன்னொரு தடவ வழியனுப்பிடுவாங்க."

நேற்று மதியம் அங்கே பெஞ்சில் மனைவியோடு காத்திருந்தார். சுற்றிலும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் இமை கனத்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். தாழ்வாரக் கோடியில் பெரிய டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் விருட்டென்று எழுந்து நின்றார்.

மரியாதை என்று நினைத்த டாக்டர் முகம் மலர்ந்து, "உக்காருங்க, உக்காருங்க" என்று கையமர்த்தினார்.

சலூன்காரர் உட்காரவில்லை. கண்களை அகல விரித்தபடி, டாக்டர் மூலை திரும்பும்வரை நின்றார்.